ஏன் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார்கள்?

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் தொழிற்புரட்சியை நடத்தும்போது, "மக்கள் நகரங்களில் குவிந்தனர், நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்த குடியிருப்புகள் உருவாயின" என்ற கருத்தைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். மாணவர்களும் அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் என் வகுப்பில் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் அங்கே நிறுத்திக் கேட்பதுண்டு: "அவ்வளவு அசுத்தமா இருந்தா, வேற இடத்துக்குப் போயிருக்கலாமே?" சில நேரம் விடையும் வகுப்பிலிருந்தே வந்துவிடும்: "சோம்பேறிங்களா இருந்திருப்பாங்க." "குடிச்சே அழிச்சிருப்பாங்க."

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அந்த விடைதான் கவலை தருவது. இன்று நம் ஊரிலும் சில தெருக்களைப் பற்றி இதே விடையைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தெருக்களிலிருந்து வரும் குழந்தைகளும் அதே வகுப்பறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே இந்தக் கேள்விக்குச் சரியான விடை தேடுவது வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் உரிய வேலை இல்லை. விக்டோரியா அரசி ஆண்ட காலத்து (1837–1901) லண்டன் இதற்கு மிகவும் உதவும். அந்நகரின் தெருக்களைப் பற்றி அக்காலத்திலேயே விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், வரைபடங்களும் வரைந்திருக்கிறார்கள்.

காற்றும் ஆறும் பிரித்த நகரம்

1801-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லண்டனில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இருந்தார்கள். 1851-இல் அது 23 லட்சத்தைத் தாண்டியது. 1901-இல் லண்டன் மாவட்டத்தில் மட்டும் சுமார் 45 லட்சம் பேர். புறநகர்களையும் சேர்த்தால் 65 லட்சம். அக்காலத்தில் உலகின் மிகப்பெரிய நகரம் அதுதான்.

கரும்பலகையில் ஒரு வளைந்த கோடு வரையுங்கள். அது தேம்ஸ் ஆறு. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது. லண்டனில் காற்றும் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்தே வீசும். வீட்டு அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரித்த நிலக்கரியின் புகை கிழக்கே போகும். கப்பல்களும் கடலிலிருந்து கிழக்கு வழியாகத்தான் வரும். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, "நீங்கள் பணக்காரராக இருந்தால் எந்தப் பக்கம் வீடு கட்டுவீர்கள்?" என்று கேட்டால் மாணவர்கள் தயங்காமல் மேற்கைக் காட்டுவார்கள். மேஃபேர், பெல்கிரேவியா, கென்சிங்டன் முதலிய செல்வர் பகுதிகள் மேற்கில்தான் அமைந்தன. கப்பல் துறைகளும், சர்க்கரை ஆலைகளும், கிடங்குகளும், அவற்றை நம்பிப் பிழைத்தவர்களின் வைட்சேப்பல், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் முதலிய பகுதிகளும் கிழக்கில் இருந்தன. இவற்றைச் சேர்த்து 'ஈஸ்ட் எண்ட்' என்பார்கள்.

ஆற்றின் தென்கரையில் பெர்மாண்ட்சி என்ற பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்போனது. தோல் தொழிலுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும்; ஆற்றை ஒட்டிய ஓடைகள் அதைத் தந்தன. அதன் நாற்றத்தை நகரத்தின் நடுவில் யாரும் விரும்பவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பகுதி மாணவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல்களும் அக்காலத்தில் லண்டனுக்குக் கப்பலேறின.

ஆக, ஒரு பகுதியின் நிலைக்குப் பின்னால் காற்று, நீர், வேலை என்ற மூன்றும் இருக்கின்றன. குடியிருப்பவரின் குணம் இந்தப் பட்டியலில் இன்னும் வரவில்லை.

விடியுமுன் திறக்கும் சந்தைகள்

லண்டனின் சந்தைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரக்கு, ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு காரணம். மீன் சந்தையான பில்லிங்ஸ்கேட், லண்டன் பாலத்துக்கு அருகே ஆற்றங்கரையிலேயே இருந்தது. படகிலிருந்து நேராகக் கூடையை இறக்கலாம். காய்கனிக்கும் பூவுக்கும் கோவென்ட் கார்டன். கோழி, வாத்து முதலியவற்றுக்கு லெடன்ஹால். கால்நடைகளுக்கு ஸ்மித்ஃபீல்டு.

ஸ்மித்ஃபீல்டு ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த வெளி. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 15 லட்சம் செம்மறி ஆடுகளும் குறுகிய தெருக்கள் வழியாக அங்கே ஓட்டி வரப்பட்டன. சாணமும் இரத்தமும் மிரண்டு ஓடும் மாடுகளும் நகர வாழ்வின் பகுதியாகிவிட்டன. பல ஆண்டு வாதங்களுக்குப் பிறகு 1855-இல் உயிருள்ள கால்நடைகளின் சந்தையை வடக்கே இஸ்லிங்டன் பகுதிக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் 1868-இல் இறைச்சிக்கென்று புதிய கட்டடம் எழுந்தது. அதன் அடியிலேயே ரயில் பாதை. ரயில் வந்ததும், நடந்து வந்த மாடு இறைச்சியாக வரத் தொடங்கியது என்று சொன்னால், போக்குவரத்து ஒரு நகரத்தை எப்படி மாற்றுகிறது என்பது மாணவர்களுக்கு உடனே புரியும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தச் சந்தைகள் எல்லாம் விடியுமுன்பே கூடிவிடும். சுமைதூக்குபவர் அந்நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். தள்ளுவண்டி வியாபாரி முந்திப் போனால்தான் நல்ல சரக்கு. பிந்திப் போனால் கழிவுதான் கிடைக்கும். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1849 முதல் இத்தகைய தெரு வியாபாரிகளை நேரில் சந்தித்து, அவர்கள் சொன்னதை ஏறத்தாழ அவர்களுடைய சொற்களிலேயே பதிவு செய்தார். லண்டனில் தெருவில் கூவி விற்பவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல் இருப்பார்கள் என்பது அவர் மதிப்பீடு. அவர் சந்தித்தவர்களில் வாட்டர்கிரெஸ் என்னும் கீரை விற்ற ஒரு சிறுமியும் உண்டு. வயது எட்டு. இருட்டோடு எழுந்து ஃபேரிங்டன் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி, சிறு சிறு கட்டுகளாகக் கட்டித் தெருத் தெருவாக விற்றாள். நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய குழந்தை அவள்.

அந்நேரத்தில் இவர்களை ஏற்றிச்செல்ல வண்டி ஏதும் இல்லை. நிலத்தடி ரயில் 1863-இல்தான் வந்தது. அதற்குமுன் குதிரை பூட்டிய பேருந்துகள் ஓடின. ஆனால் அவற்றின் கட்டணம் கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. விடியுமுன் வேலைக்கு நிற்க வேண்டியவர், நடந்து போகும் தொலைவில்தான் குடியிருக்க முடியும். அவரைப் போலவே பல்லாயிரம் பேருக்கு அந்தத் தேவை இருந்தது. அதனால் சந்தையைச் சுற்றிய தெருக்களில் அறை வாடகை ஏறியது. ஒரே அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு குடும்பங்கள் என்று நெரிசல் கூடியது.

துறைமுக வாயிலில் காத்திருந்தவர்கள்

கிழக்குப் பகுதியின் கப்பல் துறைகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே பெரும்பாலோர் நிரந்தரத் தொழிலாளர்கள் அல்லர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் காற்று மாறினாலே ஆயிரக்கணக்கானோருக்கு அன்று கூலி கிடையாது. காலையில் துறையின் வாயிலில் கூட்டமாக நிற்பார்கள். மேற்பார்வையாளர் வந்து தேவையான ஆட்களை மட்டும் கைகாட்டிக் கூப்பிடுவார். சில மணி நேரத்துக்கு மட்டும் வேலை கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. நம் ஊர்களில் காலை நேரத்தில் முச்சந்தியில் கொத்தனார்களும் சித்தாள்களும் காத்து நிற்பதைப் பார்த்த மாணவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்படிப் பிழைப்பவர் ஐந்தாறு மைல் தள்ளிப் போய் நல்ல காற்றோட்டமான இடத்தில் வீடு பார்த்தால் என்ன ஆகும்? வேலை இருக்கிறதா என்பதை அறியவே தினமும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். வேலை கிடைக்காத வாரத்தில் கடன் தரும் கடைக்காரர் பழைய தெருவில்தான் இருப்பார். மனைவி வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுக்கும் துணியும், ஒட்டிக் கொடுக்கும் தீப்பெட்டியும் பக்கத்துத் தெருவிலிருந்துதான் வரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா அங்கேதான். இவை எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் அவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அசுத்தம் கண்ணில் படாமல் இல்லை. அதைவிடப் பசி பெரிதாக இருந்தது.

1889 ஆகஸ்டில் இத்தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ ஐந்து வாரம் நீடித்த அந்தப் போராட்டத்தில் அவர்கள் வென்றார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் இன்னொன்று, ஒருமுறை கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலையாவது தரவேண்டும் என்பது. கூலி எவ்வளவு என்பதைப் போலவே, கூலி உறுதியா என்பதும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

தொழிலாளர்களுக்குச் சலுகைக் கட்டண ரயில்களை இயக்க வேண்டும் என்று 1883-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு வால்தம்ஸ்டோ, எட்மன்டன் போன்ற புறநகர்களுக்கு உழைக்கும் குடும்பங்கள் பெருமளவில் குடிபெயர்ந்தன. போக முடிந்தபோது போனார்கள்! ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் நிலையான வேலையும் வாரக்கூலியும் உள்ளவர்கள். அன்றாடங்காய்ச்சிகளுக்கு ரயில் வந்தபிறகும் வழி திறக்கவில்லை.

இடித்தால் தீர்ந்துவிடுமா?

அக்கால நகர நிர்வாகத்தினர் பலர் நம்பிய எளிய தீர்வு ஒன்று உண்டு: மோசமான தெருக்களை இடித்து, நடுவே அகலமான சாலை போடுவது. செயின்ட் ஜைல்ஸ் என்ற பகுதி ஏழைகள் மிக நெருக்கமாக வாழ்ந்த இடம். அதன் ஊடாக 1847-இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெரு போடப்பட்டது. வீடுகளை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? பக்கத்துத் தெருவுக்கு. அருகில் இருந்த சர்ச் லேன் என்னும் சந்தில் 27 வீடுகளில் 1841-இல் 655 பேர் இருந்தனர். 1847-இல் அதே 27 வீடுகளில் 1,095 பேர். இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஒரு வீட்டுக்குச் சராசரி எத்தனை பேர்?" என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 24-இலிருந்து 40-க்கும் மேல் போகும். கணக்குப் பாடமும் வரலாறும் ஒன்றாக நடக்கும்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இது மாறவில்லை. பெத்னல் கிரீனில் ஓல்ட் நிக்கல் என்ற பகுதியை இடித்துவிட்டு, லண்டன் மாவட்ட மன்றம் அங்கே காற்றும் வெளிச்சமும் உள்ள அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. 1900-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடங்கள் இன்றும் உள்ளன, பார்க்க அழகானவை. ஆனால் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட 5,700-க்கும் மேற்பட்டவர்களில் புதிய வீடுகளில் குடியேறியவர்கள் 11 பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு வாடகை எட்டவில்லை.

ஓர் அடிகுழாயும் ஒரு வரைபடமும்

தெருவைக் குணத்தோடு முடிச்சுப் போடாமல், உள்ளதை உள்ளபடி பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் மருத்துவர் ஜான் ஸ்னோவை நம் அறிவியல் ஆசிரியர்கள் அறிவார்கள். காலரா கெட்ட காற்றினால் பரவுகிறது என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. ஏழைகளின் ஒழுக்கக் கேடும் ஒரு காரணம் என்றவர்களும் உண்டு. ஸ்னோ தண்ணீரைச் சந்தேகித்தார்.

1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேர் அளவில் இறந்தனர். ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். குறிகள் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிக் குவிந்தன. விதிவிலக்குகளையும் அவர் விடவில்லை. பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தும் ஐந்து பேரே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. அருகிலிருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்களில் யாரும் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார் வீடு வீடாக விசாரித்ததில், கிணற்றை ஒட்டிய வீட்டின் மலக்குழியிலிருந்து கழிவு கசிந்தது பின்னர் தெரியவந்தது.

1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தையே எட்டியது. அதன் பிறகுதான் ஜோசப் பேசல்கெட் என்ற பொறியாளர் திட்டமிட்ட மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது, கால்வாய்கள் முடிந்திருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. வேலை முடியாதிருந்த கிழக்குப் பகுதி மக்கள்தான் ஆயிரக்கணக்கில் இறந்தனர். பல தெருக்களைக் காத்தது அவற்றுக்கு அடியில் போன குழாய்தான்.

ஏழு நிறங்கள்

1886-இல் சார்லஸ் பூத் என்ற கப்பல் வணிகர் தம் சொந்தப் பணத்தில் லண்டன் மக்களின் வாழ்நிலையை ஆராயத் தொடங்கினார். அவருக்கு முதல் தகவல்களைத் தந்தவர்கள் யார் தெரியுமா? பள்ளி வாரியத்தின் பார்வையாளர்கள்! 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பள்ளி வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுக்கவும் பள்ளிக்கு வராதவர்களைத் தேடவும் வீடு வீடாகச் சென்றவர்கள் அவர்கள். பள்ளி வயதுக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காகவும் இடைநின்ற மாணவர்களுக்காகவும் நாம் போகும் அதே வேலை. எந்த வீட்டில் யாருக்கு என்ன வேலை, வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு எரிகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பூத் ஒவ்வொரு தெருவுக்கும் ஏழு நிறங்களில் ஒன்றைத் தீட்டினார். செல்வர் தெரு மஞ்சள், அடுத்த நிலை சிவப்பு, அப்படியே இறங்கி மிக ஏழைகளுக்குக் கருநீலம், கடைசியில் கறுப்பு. லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் வாழ்வதாக அவர் கண்டார். அன்றைய அரசியலாளர்கள் பலர் நினைத்ததைவிட இது மிக அதிகம். வறுமைக்கான காரணங்களையும் ஏறத்தாழ நாலாயிரம் குடும்பங்களில் ஆராய்ந்தார். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் காரணம் வேலை தொடர்பானது: நிலையில்லாத வேலை, போதாத கூலி. அடுத்து நோய், பெரிய குடும்பம் போன்ற சூழ்நிலைகள். குடியும் சோம்பலும் காரணமாக இருந்தவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதியோர் ஓய்வூதியம் வேண்டும் என்று பூத் தொடர்ந்து வாதாடினார். 1908-இல் அதற்குச் சட்டம் வந்தது.

ஆனால் இதே பூத், கறுப்புத் தெருக்களுக்கு எழுதிய விளக்கத்தில் அங்கிருப்போரைக் கெட்ட நடத்தையுள்ளவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்ற பொருளில் குறித்துவிட்டார். அவர் திரட்டிய எண்கள் சொன்னது ஒன்று. அவர் ஒட்டிய பெயர்ச்சீட்டு சொன்னது வேறொன்று. கறுப்பு நிறம் பூசிய தெருவில் பிறந்த ஒரு குழந்தை அந்த வரைபடத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருக்கும் என்று வகுப்பில் கேட்கலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இரண்டு பாடவேளைகளில் முடிகிற செயல்பாடு ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். தேம்ஸ் ஆறு, நான்கு சந்தைகள், கப்பல் துறைகள், மேற்குப் பகுதி ஆகியவற்றை மட்டும் குறித்த எளிய வரைபடம் ஒன்றைக் குழுக்களுக்குக் கொடுப்பேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாத்திரம்: மீன் சந்தைச் சுமைதூக்குபவர், துறைமுகக் கூலி, வீட்டில் துணி தைப்பவர், வங்கி எழுத்தர். வேலை தொடங்கும் நேரம், நடக்கும் வேகம் மணிக்கு 5 கி.மீ., கையிருப்பு ஆகியவற்றையும் சொல்லி, எங்கே வீடு பார்ப்பீர்கள், ஏன் என்று கேட்பேன். வங்கி எழுத்தரைத் தவிர மற்ற மூவரும் சற்று நேரத்தில் நெரிசலான தெருக்களுக்கே வந்துசேர்வார்கள். அதன் பிறகு "சோம்பேறி" என்ற சொல் வகுப்பில் எழுவதில்லை.

அடுத்து நம் ஊர் வரைபடம். சந்தை, பேருந்து நிறுத்தம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, நியாயவிலைக் கடை, குப்பை கொட்டும் இடம், மழைநீர் தேங்கும் இடம் ஆகியவற்றை மாணவர்களே குறிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். எந்தத் தெருவிலிருந்து குடிநீர்க் குழாய்க்கு எத்தனை நிமிட நடை என்பதையும் எழுதலாம்.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பூத் செய்ததுபோல வீடுகளுக்கோ தெருக்களுக்கோ ஏழை, பணக்காரர் என்று நிறம் தீட்டச் சொல்ல வேண்டாம். அந்த நிறம் அடுத்த நாள் காலையில் ஒரு குழந்தையின் பட்டப்பெயராகிவிடும். நிறம் தீட்ட வேண்டியவை வசதிகள்: தண்ணீர், விளக்கு, வடிகால், பள்ளிக்கான தூரம். எங்கே எது இல்லை என்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தால், அதை வைத்துக் கிராம சபைக்கு ஒரு மனுவும் எழுதலாம். தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதல் பகுதிக்கு அது நல்ல பயிற்சியாகவும் அமையும்.